ஐந்து சுற்று நேர்காணல் முடிந்தும் பதில் இல்லை: இது சரியா?

நிலா_கோடர்:
ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஐந்து சுற்று முடித்தேன். மூன்றாவது சுற்று வீட்டிலிருந்து செய்து அனுப்பும் அசைன்மென்ட். "நான்கு மணி நேரம் போதும்" என்றார்கள். இரண்டு வார இறுதிகள் போய்விட்டன. நான்காவது சுற்றில் வந்த மேனேஜர், "இதில் என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். கோடோடு சேர்த்து அனுப்பிய விளக்கக் கோப்பான ரீட்மீயின் முதல் வரியிலேயே அது இருந்தது, அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. கடைசிச் சுற்று முடிந்து மூன்று வாரமாகிறது. இரண்டு மெயில் போட்டும் பதில் இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல என்ன கஷ்டம்?

ஆளெடுப்பவன்:
பார்க்காமல் வந்தது தப்புதான், அதற்குச் சப்பைக்கட்டு கட்டமாட்டேன். ஆனால் அசைன்மென்டையே குறை சொல்லாதீர்கள். தவறான ஆளை எடுத்தால் மொத்த டீமும் அவர் வேலையைச் சேர்த்துச் சுமக்கும். ஷ்மிட், ஹண்டர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும், ஆளெடுக்கும் முறைகளைப் பற்றி 1998-இல் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பின்னாளில் ஒருவர் எப்படி வேலை செய்வார் என்பதோடு இந்த அசைன்மென்ட் போன்ற மாதிரி வேலைத் தேர்வு 0.54 அளவுக்குப் பொருந்தியது (1 என்றால் முழுப் பொருத்தம்). வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணல் 0.38தான்.

மூன்றாம்_சுற்று:
பழைய கணக்கு அது. 2022-இல் சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழுவினர் அதைத் திருத்திப் போட்டார்கள். மாதிரி வேலை 0.33-க்கு இறங்கியது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல் 0.42 என்று முதலிடத்துக்கு வந்தது. கட்டுப்பாடில்லாத பேச்சு 0.19! நிலாவுக்கு நடந்த நான்காவது சுற்று எந்த வகை என்று நீங்களே சொல்லுங்கள். கூகுளும் தன் தரவைப் பார்த்துவிட்டு, நான்கு பேர் நேர்காணல் செய்தால் போதும், அதற்கு மேல் பெரிதாக எதுவும் கூடுவதில்லை என்றது.

ஆளெடுப்பவன்:
0.33 ஒன்றும் பூஜ்யம் இல்லையே. சரி, பதில் வராததற்கு வருகிறேன். முதலிடத்தில் இருப்பவர் ஆஃபரை ஏற்கும்வரை இரண்டாம் இடத்தில் இருப்பவரைக் கைவிட மனம் வராது. அவர் மறுத்தால் அடுத்து இவர்தானே? அப்படித்தான் நாள் ஓடுகிறது. காரணம் எழுதினால் வழக்கு வருமோ என்று சட்டப் பிரிவுக்கும் பயம்.

நிலா_கோடர்:
காரணத்தை நான் கேட்கவே இல்லை. "இன்னொருவருக்கு ஆஃபர் கொடுத்திருக்கிறோம், முடிவு வெள்ளிக்கிழமை தெரியும்" என்று எழுதியிருந்தால் போதும். நான் இன்னொரு இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இவர்களை நம்பி அங்கே ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த வேலையும் போய்விட்டது.

ஆளெடுப்பவன்:
இது எனக்கு உறைக்கிறது. எங்கள் பட்டியலிலும் அப்படிக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நாளைக் காலை அவர்களுக்கு நிலவரத்தை எழுதிவிடுகிறேன். அசைன்மென்டை மட்டும் விடமாட்டேன். நன்றாகப் பேசத் தெரியாத, ஆனால் அருமையாக கோட் எழுதும் இரண்டு பேரை அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

மூன்றாம்_சுற்று:
அப்படியானால் கொடுக்கும் முன் உங்கள் டீமில் ஒருவரைச் செய்யச் சொல்லி நேரத்தைக் குறித்துப் பாருங்கள். அவருக்கு எட்டு மணி நேரம் ஆனால் நான்கு என்று எழுதாதீர்கள். அந்த நேரத்துக்குப் பணமும் கொடுங்கள்.

ஆளெடுப்பவன்:
நேரம் குறிப்பதைச் செய்யலாம். பணம் என் கையில் இல்லை, கேட்டுப் பார்க்கிறேன்.