புதுப்பிப்பு: லண்டனில் எல்லையை ஒட்டிய சுவர் எழும்பிவிட்டது

சமையலறையைப் பின்பக்கம் நீட்ட எல்லையோடு ஒட்டிச் சுவர் கட்டலாமா, பக்கத்து வீட்டுக்காரர் வாயால் சரி என்றால் போதுமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

"1996 பார்ட்டி வால் (அண்டை வீட்டோடு ஒட்டிய சுவர் பற்றிய) சட்டப்படி எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. எல்லையில் எழும் சுவருக்கு ஒன்று, பக்கத்து வீட்டிலிருந்து 3 மீட்டருக்குள் அவர்கள் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுவதற்கு ஒன்று. இரண்டும் வேலைக்கு ஒரு மாதம் முன்பே போக வேண்டும். தோண்டும் நோட்டீசுக்கு 14 நாளில் எழுத்தில் சம்மதம் வராவிட்டால் தகராறு என்றே கணக்கு. அப்புறம் அதைத் தீர்க்க சர்வேயர், அந்தச் செலவும் பெரும்பாலும் நம் தலையில்தான். நான் வடையும் வரைபடமுமாகப் போய் உட்கார்ந்து பேசினேன். ஒன்பதாம் நாள் கையெழுத்து கிடைத்தது. அவர்கள் சுவரில் ஏற்கெனவே இருந்த விரிசல்களை இருவருமாகப் படமெடுத்து வைத்துக்கொண்டோம்.

கூரைத் தண்ணீர் வடியும் கட்டர் அவர்கள் பக்கம் நீட்டாமலிருக்க, கைப்பிடிச் சுவர் எழுப்பித் தண்ணீரை எங்கள் பக்கமே திருப்பினோம்.

எதிர்பாராதது கழிவுநீர்க் குழாய். தோண்டினால், இரு வீட்டுக்கும் பொதுவான பழைய குழாய்! அப்படிப்பட்டவை 2011 அக்டோபரிலேயே தண்ணீர் கம்பெனி வசம் போய்விட்டன; மேலே கட்ட அவர்களிடம் தனி அனுமதி வேண்டும். ஐந்து வாரம் வேலை நின்றது. மேன்ஹோல் மூடியை முதலிலேயே திறந்து பார்த்திருக்கலாம்.