எந்திரன் சீடியில் பூஞ்சணம், வழி சொல்லுங்கள்

அண்ணாமாரே, அக்காமாரே, ஒரு உதவி. 2010இல் எந்திரன் பாட்டு வந்த கையோடு எங்கள் மாமா ஹட்டன் டவுனில் வாங்கிய ஒரிஜினல் சீடி, இத்தனை வருடமும் லயத்து அலுமாரியில்தான் கிடந்தது, எங்கள் பக்கத்து மழையும் பனியும் தெரியும்தானே, போன கிழமை எடுத்துப் பார்த்தால் கோலம் போட்ட மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். எஸ்.பி.பி. பாடிய ‘புதிய மனிதா’ சுத்தமாக ஓடுகிறது. ‘கிளிமஞ்சாரோ’ வந்ததும் டிக் டிக் என்று ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது.

யூடியூபில் இருக்குத்தானே என்பீர்கள். இருக்கு, ஆனால் ‘இரும்பிலே ஒரு இதயம்’ பாட்டில் ரகுமான் போட்ட அந்த அடிச் சத்தம் போனில் எங்கே கேட்கிறது, மாமாவின் பழைய செட்டில் போட்டால் தகரமே அதிரும்!

பற்பசை தேய்க்கச் சொன்னார் ஒருவர், எனக்குப் பயமாக இருக்கிறது. பூஞ்சணம் படம் அச்சடித்த பக்கமும் கொஞ்சம் ஏறியிருக்கு, பதிவு இருக்கும் படலம் அந்தப் பக்கத்து மையை ஒட்டித்தானே இருக்கிறது, அங்கே துடைக்கலாமா? ஸ்பிரிட் போட்டால் மை கழன்றுவிடுமா? யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நுவரெலியா, தலவாக்கலை பக்கம் யாரிடமாவது நல்ல சீடி இருந்தால் இரண்டு நாளைக்குத் தாருங்கள், பத்திரமாகக் கொண்டுவந்து தருவேன்.