உயிர்ப்பாறையில் ஐப்டேசியா: சுரண்டச் சுரண்டப் பெருகுகிறது, என்ன செய்வது?

பள்ளத்தூர் வாசகர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பள்ளத்தூரில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில், நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள உப்புநீர்த் தொட்டி ஒன்றை ஒன்றரை ஆண்டுகளாக வைத்துப் பராமரித்து வருகிறேன். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு லெதர் பவளம் (மென்பவள வகை), இரண்டு கொத்து ஜோயாந்தஸ் (பவளத்துக்கு உறவான சிறு கடலுயிர்), ஏறத்தாழ 25 கிலோ உயிர்ப்பாறை (பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் பாறை) ஆகியவை அதில் இருக்கின்றன. நீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பநிலை 26 டிகிரி. கோடையில் மட்டும் மின்விசிறி ஓடினாலும் 28-ஐத் தொட்டுவிடுகிறது.

நான்கு மாதங்களுக்கு முன்பு கூடுதலாக வாங்கிச் சேர்த்த ஒரு சிறு பாறையில், கண்ணாடி போன்ற உடலும் நீண்ட மெல்லிய விரல்களும் கொண்ட பழுப்பு நிறக் கடற்சாமந்திகள் (பூப்போலத் தோன்றும் கடல்விலங்குகள்) ஆறு இருந்தன. முதலில் அவை அழகாகவே தெரிந்தன. பின்னர் அவை களை என்று அறிந்து, பழைய பல்துலக்கியாலும் சவர அலகாலும் தொட்டிக்குள்ளேயே சுரண்டி எடுத்தேன். ஆறு வாரத்தில் நாற்பதுக்கு மேல் எண்ணினேன். இப்போது லெதர் பவளத்தின் அடிப்பக்கத்தைச் சுற்றி அவை முளைத்திருப்பதால், அது பத்து நாட்களாக விரியாமல் சுருங்கியே நிற்கிறது.

இதைப் பார்த்த எங்கள் அப்பத்தா, "சுண்ணாம்பைத் தடவு, கருகிப்போகும்" என்று சொல்லித் தம் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் கொடுத்தார்கள். அதைப் பயன்படுத்தலாமா? அல்லது பாறைகளை எல்லாம் எடுத்து அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்துவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தேவகோட்டை வாசகர்

பள்ளத்தூர் நண்பருக்கு வணக்கம். மற்ற எதையும் சொல்வதற்கு முன், பாறையைக் கொதிக்கவைக்கும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தொட்டியில் ஜோயாந்தஸ் இருக்கிறது. அந்த இனத்தைச் சேர்ந்த சில உயிர்களில், குறிப்பாகப் பாலிதோவாவில், பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கலாம். அவை ஒட்டியிருக்கும் பாறையைக் கொதிக்கவைக்கும்போதோ வெந்நீர் ஊற்றித் தேய்க்கும்போதோ எழும் ஆவியை மூச்சில் இழுத்தவர்கள், குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அப்பத்தா இருக்கும் வீட்டின் அடுப்படியில் இந்த வேலை ஒருபோதும் வேண்டாம்.

நீங்கள் விவரித்தது ஐப்டேசியா என்றே கருதுகிறேன். ஆயினும் உறுதிசெய்துகொள்ளுங்கள். விரல்கள் நீண்டு கூராக முடிந்து, நிழல் பட்டவுடன் பாறைப் பொந்துக்குள் சட்டென்று சுருங்கினால் அது ஐப்டேசியா. விரல்கள் குட்டையாகவும் நுனி சற்று உருண்டு பச்சையோ பழுப்போ ஆகவும் இருந்தால் அது மஜானோ என்னும் மற்றொரு களை. மஜானோவைக் கோமாளி மீன் குடியிருக்கும் பபுள்டிப் கடற்சாமந்தியின் குஞ்சு என்று நம்பி வளர்த்தவர்களும் உண்டு. விலை கொடுத்து வாங்கிய பபுள்டிப்பை மஜானோ என்று எண்ணிக் கொன்றவர்களும் உண்டு.

சுரண்டியதால் பெருகியதற்குக் காரணம் இருக்கிறது. ஐப்டேசியாவுக்கு இணை சேர வேண்டிய கட்டாயம் இல்லை. அது பாறையில் நகரும்போதே தன் அடித்தட்டின் ஓரத்திலிருந்து சிறு சிறு துணுக்குகளை விட்டுச் செல்லும். அந்தத் துணுக்கு ஒவ்வொன்றும் வாயும் விரல்களும் முளைத்து முழு உயிராக வளர்ந்துவிடும். அருகம்புல்லின் கணுவை மண்ணில் விட்டுவிட்டு மேலே அறுப்பதைப் போன்றதுதான் நீங்கள் செய்த வேலை. போதாததற்கு, நீரோட்டம் அந்தத் துணுக்குகளைத் தொட்டி முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. சீண்டினால் அது வெண்ணிற நூல்களை வெளியே விடும். அவற்றிலும் கொட்டும் அணுக்கள் உண்டு. லெதர் பவளம் சுருங்கி நிற்பதற்கு அவையும் காரணமாக இருக்கலாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். இதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியிலிருந்து உணவைத் தயாரித்துக் கொடுப்பதால், மீனுக்குப் போடும் தீனியை நிறுத்தினால் மட்டும் இது சாகாது. விளக்கை அணைத்தாலும் சாகாது. நிறம் வெளுத்து, கிடைக்கும் இரையைப் பிடித்துத் தின்று பிழைத்துக்கொள்ளும். இத்தனை எளிதாக வளர்வதனால்தான், பவளங்கள் வெளுத்துப்போவதை ஆராயும் அறிவியலாளர்கள் இதையே ஆய்வுக்கூடத்தில் வைத்து வளர்க்கிறார்கள். 2015-இல் இதன் மரபணுத் தொகுதியையும் படித்து வெளியிட்டார்கள். நமக்குக் களை, அவர்களுக்குப் பாடநூல்.

காரைக்குடி வாசகர் (வேதியியல் ஆசிரியர்)

தம்பி, உங்கள் அப்பத்தா சொன்ன வைத்தியம் சரியானதே. கொடுத்த சுண்ணாம்புதான் பொருந்தாது. கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் 'கால்க்வாசர்' என்று சொல்வது கால்சியம் ஹைட்ராக்சைடின் கரைசல்தான், அதாவது நம் நீற்றுச் சுண்ணாம்பின் தெளிநீர். அதன் கரைசல் நிறைநிலையில் பிஎச் 12.4 அளவுக்குக் காரமாக இருக்கும். அதையே குழம்பாக்கி ஐப்டேசியாவின் வாயில் வைத்தால், அந்தக் காரம் உடலை உள்ளிருந்து அரித்துவிடும்.

ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பில் நிறமோ மணமோ சேர்த்திருக்கலாம். டப்பாவைத் திறந்து திறந்து மூடும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, அதில் ஒரு பகுதி கால்சியம் கார்பனேட்டாக மாறி வீரியம் இழந்திருக்கும். நம் வீடுகளின் சுவர்ப்பூச்சுக்கு அரைக்கும் சுண்ணாம்பைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. அதில் மணலோடு கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெண்கருவும் சேர்ந்திருக்கும். சுவருக்கு அவை பளபளப்பைக் கொடுத்தன, தொட்டி நீரை அவை கெடுத்துவிடும். ஆய்வகத் தரத்திலோ உணவுத் தரத்திலோ உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு தூளை வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறையில் அவசரம் கூடாது. முதலில் பம்புகளை எல்லாம் நிறுத்தி, நீர் அசைவற்று அடங்கும் வரை காத்திருங்கள். ஒரு தேக்கரண்டித் தூளில் ஆர்.ஓ. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கெட்டித் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, மழுங்கிய ஊசி பொருத்திய சிரிஞ்சில் ஏற்றுங்கள். ஐப்டேசியா நன்றாக விரிந்திருக்கும்போது நிழல் விழாதபடி பக்கவாட்டிலிருந்து மெதுவாக அணுகி, நடுவிலுள்ள வாய்த்தட்டின் மீது குழம்பை வைத்து, அது சுருங்கும் பொந்தின் வாயையும் அதே குழம்பால் அடைத்துவிடுங்கள். ஊசியால் குத்திக் கிழித்துவிட்டால் மறுபடியும் துணுக்குப் பிரச்சினைதான். அரை மணி நேரம் கழித்து, மிச்சக் குழம்பைக் குழாயால் உறிஞ்சி வெளியேற்றிவிட்டுப் பம்புகளை இயக்கலாம்.

ஒரு நாளில் ஆறு அல்லது ஏழுக்கு மேல் செய்யாதீர்கள். நாற்பதையும் ஒரே மாலையில் முடித்துவிட வேண்டும் என்ற ஆசையில் தொட்டியின் பிஎச்சை ஒரேயடியாக உயர்த்தி மீன்களை இழந்தவர்களை நான் அறிவேன். 8.5-ஐத் தாண்டினால் அன்றைய வேலையை அத்துடன் நிறுத்துங்கள். பவளத்தின் உடலோடு ஒட்டி நிற்கும் ஐப்டேசியாவின் மீது குழம்பு வேண்டாம், பவளமும் வெந்துபோகும். கண்ணாடியும் கையுறையும் அணியாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது, ஏனெனில் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் உடனே நிறைய நீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

எலுமிச்சைச் சாற்றையும் வினிகரையும் ஊசியில் ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். சிறியவற்றுக்கு அது பயன்படுவதுண்டு. பெரியவை பெரும்பாலும் மீண்டு வருகின்றன என்பதே என் அனுபவம்.

தொண்டி வாசகர்

ஆசிரியர் ஐயா சொன்னது பாறையின் முகத்தில் தெரிவனவற்றுக்குச் சரி. பொந்துகளுக்குள்ளும் பாறையின் பின்புறத்திலும் இருப்பவற்றுக்குச் சிரிஞ்சு எட்டாது. அங்கே இரைதேடும் உயிர்தான் வேலை செய்ய வேண்டும்.

நான் நம்புவது பெப்பர்மின்ட் இறாலை. மூன்று அல்லது நான்கை ஒன்றாக விட்டால், அவை இரவில் வெளிவந்து சிறிய ஐப்டேசியாக்களைத் தின்னும். பெரியவற்றை அவை பெரும்பாலும் தொடுவதில்லை. ஆகவே பெரியவற்றைச் சுண்ணாம்பால் முடித்துவிட்டுச் சிறியவற்றை இறாலுக்கு விடுவதே முறை. தீனி தாராளமாகக் கிடைத்தால் அவை ஐப்டேசியாவைத் திரும்பியும் பார்க்காது. வாங்கும்போது ஒட்டக இறாலைப் பெப்பர்மின்ட் என்று கொடுத்துவிடும் வாய்ப்பு உண்டு. பெப்பர்மின்ட் இறாலின் உடல் சற்று ஊடுருவித் தெரியும்; அதில் மெல்லிய சிவப்புக் கோடுகள் ஓடும். ஒட்டக இறாலுக்கு முதுகில் திமில் போன்ற மேடும், அழுத்தமான சிவப்பின் மேல் வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் இருக்கும். பின்னது உங்கள் ஜோயாந்தஸைக் கடித்துத் தின்றுவிடும்.

பெர்கியா என்னும் ஓடில்லாத கடல்நத்தை ஐப்டேசியாவைத் தவிர வேறொன்றையும் உண்பதில்லை. கேட்கும்போது அதுவே சிறந்த வழி என்று தோன்றும். ஆனால் இரை தீர்ந்ததும் அது பட்டினியால் இறந்துவிடும் என்பதை அறிந்தே வாங்க வேண்டும்; பெப்பர்மின்ட் இறால் உள்ள தொட்டியில் அதை விட்டால் இறாலே அதைத் தின்றுவிடக்கூடும். காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீனை இதற்கென்று வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பழக்கமில்லாத தீனியை ஏற்காமல் மெலிந்து சாகும் மீன் அது. ஒரு களைக்காக ஓர் உயிரைப் பட்டினி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்தச் சிறு பாறை எங்கிருந்து வந்தது என்பதையும் கடைக்காரரிடம் கேளுங்கள். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாசலுக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. இன்று அங்குள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், பாறை கட்டும் பவளங்கள் 2001-இல் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடலிலிருந்து பெயர்த்த பாறையை வாங்காதீர்கள். செயற்கையாக வார்த்த பாறை இப்போது நன்றாகவே கிடைக்கிறது, அதில் களையும் வருவதில்லை.

கண்டனூர் வாசகர்

இடையில் கேட்பதற்குப் பொறுத்தருள வேண்டும். என் தொட்டியில் பவளம் எதுவும் இல்லை, மீன் மட்டுமே. பாறைகளை எடுத்துக் கத்திரி வெயிலில் மாடியில் காயவைத்தால் போதாதா?

தேவகோட்டை வாசகர்

போதும், நம் ஊர் வெயிலில் சில வாரம் உலர்ந்த பாறையில் ஐப்டேசியா பிழைக்காது. ஆனால் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவும் அதனுடன் செத்துவிடும். பாறையைத் தேய்த்துக் கழுவி, தனித் தொட்டியில் உப்புநீரில் வைத்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்து நிலைக்கும் வரை சோதித்த பிறகே மீண்டும் சேர்க்க வேண்டும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். பாதிப் பாறையை முதலில், மறுபாதியைப் பிறகு என்று பிரித்துச் செய்தால் மீன்களுக்குத் துன்பம் குறையும். ஆனால் தொட்டியில் இருக்கும் பாதியிலிருந்து களை திரும்பப் பரவாமல், காய்ந்த பாறைகளைத் தனியாகவே வைத்திருங்கள்.

பள்ளத்தூர் வாசகர்

ஐயா அனைவருக்கும் நன்றி. ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். ஆய்வகத் தரத் தூளை வாங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து ஐந்தாகக் குழம்பு வைத்தேன். முதல் வாரத்தில் மூன்று மீண்டும் முளைத்தன. பொந்தை அடைக்காமல் விட்டதே காரணம் என்று புரிந்து, அவற்றுக்கு மறுபடியும் வைத்தேன். லெதர் பவளத்தின் அடியில் இருந்தவற்றைத் தொடவில்லை. பவளம் ஒட்டியிருந்த பாறைத் துண்டை வாளி நீரில் எடுத்து வைத்து, ஐப்டேசியா இருந்த மூலையை மட்டும் உளியால் அடியோடு பெயர்த்து அப்புறப்படுத்தினேன். மூன்றாம் நாள் பவளம் விரிந்தது. அன்று அப்பத்தா நாற்காலியைத் தொட்டியின் முன் இழுத்துப் போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான்கு பெப்பர்மின்ட் இறால்களை விட்டு, மீனுக்குத் தீனியை ஒரு வேளையாகக் குறைத்திருக்கிறேன். இப்போது கண்ணுக்குத் தெரிவது இரண்டே இரண்டு, சம்ப்பின் (நீரை வடிகட்டும் துணைத் தொட்டியின்) மூலையில். ஒரே ஓர் ஐயம் மீதி இருக்கிறது: நீர் மாற்றும்போது வெளியேற்றும் நீரை எங்கே ஊற்றுவது?

காரைக்குடி வாசகர் (வேதியியல் ஆசிரியர்)

சம்ப்பை மறக்காமல் பார்த்தது நல்லது. பெரும்பாலோர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அந்த இரண்டையும் இன்றே முடித்துவிடுங்கள். கழிவுநீரில் சிறிது பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் மூடிவைத்து, பிறகு வீட்டுக் கழிவறையிலோ கழிவுநீர்க் குழாயிலோ ஊற்றுங்கள். அந்த வாளியை நன்றாகக் கழுவாமல் தொட்டி வேலைக்கு எடுக்க வேண்டாம். தோட்டத்து மண்ணிலும் ஊருணிக்கு ஓடும் வாய்க்காலிலும் உப்புநீரை ஊற்றவே கூடாது. தொண்டிக்குப் போகும்போது கடலில் விட்டுவிடலாம் என்றும் எண்ண வேண்டாம்.