புதுப்பிப்பு: பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வந்த தண்ணீர் பில்

ஆளே இல்லாத வீட்டுக்குத் தாறுமாறாக வந்த குடிநீர்க் கட்டணம் பற்றி முன்பு எழுதியிருந்தேன். "கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்க" என்று பலர் சொன்னீர்கள். நான் போனது நிரந்தர மக்கள் நீதிமன்றத்துக்கு. பிரச்சினை தீர்ந்தது.

அவ்வப்போது நடக்கும் மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்) வேறு, இது வேறு. 1987ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தில் 2002இல் சேர்த்த ஏற்பாடு. குடிநீர், மின்சாரம், தபால், போக்குவரத்து, இன்சூரன்ஸ் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கானது. வேறு கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே மனு கொடுக்க வேண்டும். கோர்ட் கட்டணம் இல்லை. சமரசம் படியாவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம், அதுதான் இதன் பலம். ஆனால் வழக்கமான அப்பீல் கிடையாது, யோசித்துப் போங்கள்.

என் மனுவில் எடுபட்டது மீட்டர் ரீடிங் பதிவின் நகல்தான். நடுவில் ஒரு மாதம் எண் முந்தைய ரீடிங்கைவிடக் குறைந்திருந்தது. "மீட்டர் ரிவர்ஸில் ஓடுமா?" என்று நீதிமன்றத் தலைவர் கேட்டதும், எதிர்த்தரப்பு அதிகாரி ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பில்லைத் திருத்தி, கூடுதலாகக் கட்டியதை வரும் பில்களில் கழிக்க ஒப்புக்கொண்டார்கள். மன உளைச்சலுக்குக் கேட்ட தொகையை விட்டுக்கொடுத்தேன், அரை மனதோடுதான்.

எங்கே மனு கொடுப்பது என்று கேட்டவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள்.