மான்டரேயில் கணவாய் மீன் உலர்ந்த கரை

கலிபோர்னியாவில் மான்டரே நகருக்குப் பக்கத்திலுள்ள பாயின்ட் லோபோஸ் காப்பகத்தில், 1850களில் சீன மீனவர்கள் கட்டிய மரக்குடில் ஒன்று இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. சென்ற கோடையில் அதைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கிருந்த முதிய தன்னார்வலர் முதலில் சொன்னது, இக்கரைக்கு வந்தவர்களில் பலர் மனைவி மக்களோடு குடியேறிய மீனவக் குடும்பத்தினர் என்பதைத்தான். இங்கே 1859இல் பிறந்த க்வாக் மூய் பல மொழிகள் பேசி, ஊராரால் 'ஸ்பானிஷ் மேரி' என்று அழைக்கப்பட்டவர்.

அவர்கள் எளிதில் பிழைத்துவிடவில்லை. 1860இல் மாநில அரசு சீன மீனவர்களுக்கு மட்டும் மாதம் 4 டாலர் வரி விதித்தது. பிறகு மற்ற நாட்டு மீனவர்கள் பெருகிப் போட்டி முற்றியபோது, சீனர்களின் வலைகள் அறுக்கப்பட்டன. பகலில் கடல் பகையானதால் அவர்கள் இரவில் இறங்கினார்கள். படகில் தொங்கவிட்ட இரும்புக் கூடையில் பிசின்கட்டை எரித்து, அந்த வெளிச்சத்துக்குத் திரண்டு வந்த கணவாயை வலையிட்டு, கரையில் பரப்பி உலர்த்திச் சீனாவுக்கு அனுப்பினார்கள். இதை வெறும் சாமர்த்தியம் என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி விடப்படாதவர்கள் கண்ட வழி அது.

உலரும் கணவாயின் வாடையே அடுத்த குற்றச்சாட்டாயிற்று. பக்கத்துப் பசிபிக் குரோவ் ஊரார் அதைச் சொல்லிச் சொல்லியே மான்டரே கரையில் இருந்த பாயின்ட் அலோன்ஸ் சீனக் குடியிருப்பை அகற்றக் கோரினார்கள். (அடுக்குமாடியில் கருவாடு வறுத்து அண்டை வீட்டாரிடம் பேச்சு வாங்கியவர்களுக்கு இது புரியும்.) நிலத்துக்கு உரிமையுள்ள நிறுவனம் அவர்களை வெளியேற்ற முனைந்திருந்த வேளையில், 1906 மே 16 அன்று குடியிருப்பின் பெரும்பகுதி எரிந்துபோனது. தீயின் காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை. ஆனால் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எஞ்சிய பொருள்களைச் சூறையாடினார்கள். அங்கே மீண்டும் வீடு கட்ட விடாததால், சிலர் அருகிலிருந்த மெக்கபி கடற்கரைக்குப் பெயர்ந்தனர்.

எரிந்த குடியிருப்பு இருந்த இடத்தில் இப்போது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹாப்கின்ஸ் கடல் ஆய்வு நிலையம் நிற்கிறது; மான்டரே மீன்காட்சியகத்துக்கு அடுத்த கரைதான். பசிபிக் குரோவ் நகர மன்றம் 2022இல் முறையாக மன்னிப்புக் கோரியது. அம்மீனவர்களின் வழித்தோன்றல்கள் மே மாதத்தில் நடத்தும் நினைவு நடைப்பயணத்தில் வெளியாரும் சேரலாம். மீன்காட்சியகத்துக்குச் செல்வோர் அந்நாளையொட்டிப் பயணத்தை அமைத்துக்கொள்வது நல்லது.