ஆள் தெரிகிறது, பெயர் வரவில்லை. உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

போன மாதம் விடியற்காலையில் காட்பாடி ஸ்டேஷன். சென்னைக்குப் போக ஏலகிரி எக்ஸ்பிரஸுக்காக நானும் மனைவியும் நின்றிருந்தோம். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் கட்டைப்பையோடு ஒருவர் நேராக வந்தார். "இன்னா சார், ஊருக்கா? அம்மா எப்படி கீறாங்க?"

அவ்வளவு பழகிய முகம், ஆனால் யார்? "நல்லா இருக்காங்க. வீட்ல எல்லாம் சௌக்கியமா?" என்று யாரிடமும் செல்லுபடியாகும் கேள்விகளைப் போட்டுச் சமாளித்தேன். அவர் நகர்ந்ததும் மனைவி, "யாருங்க அவரு?" என்றாள். "தெரிஞ்சவர்தான்." "அது தெரியுது. யாரு?"

வாலாஜா ரோடு தாண்டியபோது, சட்டைக் கையில் ஆடிக்கொண்டிருந்த பொத்தானை விரலால் திருகிக்கொண்டிருந்தேன். டக்கென்று எல்லாம் வந்தது. வேலூர் லாங் பஜார் பக்கத்துச் சந்து, தையல் மெஷின், கழுத்தில் இஞ்சு டேப். பதினைந்து வருஷமாக எனக்குச் சட்டை தைக்கிற டைலர்! மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தே பார்த்த மனிதர், பிளாட்பாரத்தில் நின்றதும் வேறு ஆளாகிவிட்டார். ஜார்ஜ் மாண்ட்லர் என்ற உளவியலாளர் 1980-ல் இதே மாதிரி ஓர் உதாரணம் எழுதியிருக்கிறார். பஸ்ஸில் தெரிந்த முகம் ஒன்று, அது நம் கறிக்கடைக்காரர் என்பது யோசித்த பிறகுதான் உறைக்கிறது. 'பார்த்த முகம்' என்ற உணர்வு முந்திக்கொண்டு வந்துவிடும். யார், எங்கே என்பதைத் தனியாகத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

சரி, ஆள் கிடைத்தார். பெயர்? அதில் நவரத்தினங்களில் ஒன்று உண்டு. (முழுசாக எழுதினால் பஜாரில் யாராவது அவரிடமே போய்ச் சொல்லிவிடுவார்கள்.) வாயில் வந்தது 'முத்து'. அது இல்லை என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் மறுபடி முத்து. அரக்கோணம் போன பிறகும் முத்துதான், வாசலை மறித்துக் குந்திக்கொண்டு உள்ளே இருப்பதை வெளியே விடவில்லை. 'ம' வரிசை, முத்துவைவிட நீளம், அதுவரை நிச்சயம். 1966-ல் ஹார்வர்டில் பிரௌன், மெக்நீல் என்ற இருவர் மாணவர்களிடம் அரிதான சொற்களின் பொருளைச் சொல்லிச் சொல்லைக் கேட்டார்கள். நுனிநாக்கில் நிற்கிறது என்றவர்கள் முதலெழுத்தையும் அசை எத்தனை என்பதையும் பல சமயம் சரியாகவே சொன்னார்கள். ஆக, சொல் அழிந்துபோகவில்லை. டைலர் என்றால் துணி, சாக்பீஸ், கத்தரி என்று பிடித்து இழுக்கப் பத்துக் கயிறு இருக்கிறது. பெயருக்கு ஒன்றே ஒன்று.

ஊர் திரும்பியதும் பொத்தான் தைக்கப் போனேன். படி ஏறும்போதே மெஷின் சத்தம், புதுத்துணி வாசனை. வாய் தானாகவே பெயரைச் சொல்லி "அண்ணே" என்றது. 1975-ல் காடன், பேட்லி என்ற உளவியலாளர்கள் ஸ்காட்லாந்துக் கடலில் முக்குளிப்பவர்களை வைத்துப் பார்த்தது இதைத்தான். தண்ணீருக்கடியில் கேட்ட சொற்கள் கரையைவிடத் தண்ணீருக்கடியில்தான் அதிகம் நினைவுக்கு வந்தன. நம் பாலாற்றில் அந்தச் சோதனையைச் செய்ய முதலில் தண்ணீர் வரவேண்டும்!

பதில் (குடியாத்தம், ஓய்வு பெற்ற ஆசிரியர்):

எனக்கு வேறு வழி இருக்கிறது சார். ஆம்பூரில் பிரியாணிக் கடை வாசலில் மீசை வைத்த ஒருவர் என் காலைத் தொட்டுவிட்டு, "என்னைத் தெரியுதா சார்?" என்றார். மாணவன் என்று புரிந்தது, பெயர் சுத்தமாக இல்லை. எந்த வருஷம் என்று மட்டும் கேட்டுவிட்டு, மனசுக்குள் அந்த வகுப்பு அட்டெண்டன்ஸை முதலிலிருந்து எடுத்தேன். நடுவில் குதித்தால் வராது, ராகத்தோடு வரிசையாகப் போகணும். பதினேழாவதாக, எப்போதும் ஆப்சென்ட் ஆகிற பையன் வந்தான். அவனுக்கு அடுத்த பெயர் இவனுடையது. சத்தமாகவே கூப்பிட்டேன். "உள்ளேன் ஐயா" என்றார், பக்கத்தில் நின்ற தன் பையன் வாயைப் பிளந்து பார்க்க.