மாஸ்க்கைக் கழற்றிப் போட்டுவிடும் கணவர்: வழி சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். என் கணவருக்கு வயது 52. குறட்டை பழகிவிட்டது, நடுவில் சட்டென்று சத்தம் நின்றுபோகும் பாருங்கள், அதுதான் பயம். ஸ்லீப் டெஸ்ட்டில் மணிக்கு 38 முறை மூச்சு தடைபடுவதாக வந்தது. 30-ஐத் தொட்டாலே தீவிரம் என்றார் டாக்டர். தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி ஊதும் சிபாப் (CPAP) மெஷின் வாங்கி மூன்று வாரம் ஆகிறது.

இரவு சமர்த்தாக மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு படுக்கிறார். இரண்டு மணிக்கு விழித்தால் அது தலையணைக்கு அடியில் கிடக்கிறது, மெஷின் உஸ்ஸென்று சும்மா ஊதிக்கொண்டிருக்கிறது. கழற்றியதே அவருக்கு நினைவில்லை. “தும்பிக்கையை மாட்டிக்கொண்டு நீ தூங்கிப் பார்” என்று என் மேல் பாய்கிறார்.

டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழகச் சொன்னேன். அழுத்தம் 4-இல் தொடங்கி மெல்ல ஏறும்படி ராம்ப் வைத்தோம். அந்தக் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் ஹியூமிடிஃபயர் போட்டதும் மூக்கு வறட்சி குறைந்தது. ஆனால் மீசைப் பக்கம் காற்று கசிகிறது. கடைக்காரர் சொன்னாரே என்று வாரை இறுக்கினால் மூக்குத்தண்டு சிவந்து புண்ணாகிறது. மீசையை எடுங்கள் என்றதற்கு நடந்த சண்டையை இங்கே எழுத முடியாது!

மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் பில்லோ மாஸ்க் மீசைக்காரர்களுக்குச் சரிவருமா? தூக்கத்தில் வாய் திறந்துகொள்பவருக்கு முழு முக மாஸ்க் நல்லதா, வாயை மூடிவைக்கும் தாடைப் பட்டை போதுமா? அப்புறம், கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் ஹியூமிடிஃபயர் சூட்டை அணைத்துவிடுகிறீர்களா?

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறோம், அவரிடமும் கேட்பேன். மெஷினே வேண்டாம், கஷாயம் குடி என்பவர்கள் மட்டும் மன்னிக்கவும்.